வீடியோ காலில் எழுதிய அக்கி

முதலில் வலிதான் வந்தது. இடது பக்க நெற்றியில் மிளகாயை அரைத்து அப்பியதுபோல் எரிச்சல். தோஹா வெயிலில் வேன் ஓட்டுகிறவனுக்குத் தலைவலி என்ன புதிதா என்று மாத்திரை போட்டுக்கொண்டு டியூட்டிக்குப் போனேன். அப்புறம் தோல் சிவந்து, நீர் கோத்த கொப்புளங்கள் கொத்துக் கொத்தாகக் கிளம்பின. நெற்றியின் நடுவோடு நின்றுவிட்டன. வலது பக்கம் ஒன்றுகூட இல்லை.

ஊரிலிருந்து வீடியோ காலில் பார்த்ததுமே மனைவி சொல்லிவிட்டாள். "ஏங்க, இது அக்கிங்க. ஊசி போட்டா உள்ள இறங்கிரும். ஆஸ்பத்திரிப் பக்கமே போயிராதீங்க."

எங்கள் புதுக்கோட்டைப் பக்கம் அக்கிக்கு எழுதத்தான் செய்வார்கள். பானை செய்கிற வேளார் காவியைக் குழைத்து, கோழி இறகால் கொப்புளங்களின் மேல் எழுதுவார். மறுநாளே அவரைக் கூப்பிட்டுப் போனுக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டாள். இங்கே நஜ்மா பகுதியில் ஒரு மளிகைக் கடையில் கோலத்துக்கு விற்கிற காவிக்கட்டி கிடைத்தது. இறகுக்கு எங்கே போவது? என்னோடு ரூமில் இருந்த நண்பர் காது குடையும் பஞ்சுக்குச்சியை எடுத்துக்கொண்டார். "இன்னும் கீழ வாங்க தம்பி, மூக்கு வரைக்கும்" என்று வேளார் அங்கிருந்து சொல்லச் சொல்ல இவர் எழுதினார். ரூமில் எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

எழுதினால் கழுவக் கூடாது. முகத்தில் காவியோடு லீவு போட்டுப் படுத்திருந்தேன். மூக்கு நுனியில் கிளம்பிய கொப்புளம் காவிக்கு அடியில் யார் பார்வையிலும் படவில்லை. இடது கண் சிவந்து உறுத்தியபோது, காவித்தூள் விழுந்திருக்கும் என்று கண்ணை மட்டும் கழுவிக்கொண்டேன். பார்வை புகைமூட்டமான பிறகுதான் நண்பர் என்னைக் கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார்.

டாக்டர் மதுரைக்காரர். "சின்ன வயசுல அம்மை போட்டிருக்கா?" என்று கேட்டார். போட்டிருந்தது.

"அதே கிருமிதான். நரம்புல தூங்கிக்கிட்டு இருந்து இப்ப முழிச்சிருக்கு. வலியோட ஒரு பக்கமா மட்டும் கொப்புளம் வந்தாலே இதைத்தான் சந்தேகப்படணும். மூக்கு நுனில வந்தா அடுத்து கண்ணுக்குப் போகும்னு பயப்படணும். கிளம்புனதுமே மாத்திரை ஆரம்பிச்சிருக்கலாமே."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மருந்தெல்லாம் போட்டும் கருவிழியில் விழுந்த தழும்பு போகவில்லை. லைசென்ஸ் புதுப்பிக்கப் போன இடத்தில் நாற்காலியில் உட்கார வைத்து, வலது கண்ணை மூடிக்கொண்டு படிக்கச் சொன்னார்கள். எழுத்துப் பலகை இருந்த இடத்தில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது, அவ்வளவுதான். கலாஸ், எல்லாம் முடிந்தது. டிரைவர் விசாவில் வந்தவனுக்குக் கம்பெனியில் வேறு வேலை கிடையாது. வண்டி ஓட்டுவதைத் தவிர எனக்கும் வேறொன்றும் தெரியாது. இனி பிழைக்க வழியில்லை என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே புரிந்தது.

கண்ணைப் பற்றி மனைவியிடம் சொல்லியிருக்கவில்லை. அன்றும் அவள் கூப்பிட்டபோது கேமராவை அணைத்துவிட்டுப் பேசினேன்.

"அக்கி சுத்தமாக் காஞ்சிருச்சாங்க?"

"காஞ்சிருச்சு."

"எனக்குத் தெரியும்ங்க. வேளாருக்கு வேட்டி துண்டு எடுத்துக் குடுத்துட்டு இப்பத்தான் வர்றேன். வேணாம்னுதான் சொன்னாரு, நான் விடலையே."