எச்சில் தொட்டு அழித்த மலை

வாக்காளர் பெயர்ப் பட்டியலைச் சரிபார்க்க வீட்டுக்கு வந்த தம்பி, கட்டைவிரலை நாக்கில் தொட்டுத் தொட்டுத் தாள்களைப் புரட்டினார். எனக்குப் பூகோள வாத்தியாரின் விரல் ஞாபகம் வந்தது.

போடியில் நான் ஆறாம் வகுப்பில் சேர்ந்த வருடம் அது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து எங்களைக் கப்பலேற்றி அனுப்பிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அப்பாவும் அம்மாவும் விடிவதற்குள் ஜீப்பில் தொற்றிக்கொண்டு ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போய்விடுவார்கள்.

பூகோள வாத்தியார் கரும்பலகையில் இலங்கையை வரைந்தார்.

"ஏ சிலோன்காரப் புள்ள, ஒங்க ஊரு எங்கிட்டு இருக்கு? வந்து காட்டு."

தீவின் நடுவே மலை இருக்கும் இடத்தில் சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்தேன். பக்கத்தில் அவர் அங்குள்ள சனங்களை வகைவகையாக எழுதிக்கொண்டு போனார்.

"நாங்க எதுல சார் வருவோம்?"

"நீங்கதான் இங்கிட்டு வந்துட்டீகள்ல. அங்க கழிச்சாச்சு."

வெற்றிலை குதப்பிய வாயில் கட்டைவிரலை நனைத்து என் புள்ளியைத் தேய்த்தார். என் மலை இருந்த இடத்தில் சிவப்பாக ஈரம் வழிந்தது. புகையிலை நாற்றம் முகத்தில் அடித்தது. வகுப்பே சிரித்தது.

"அப்ப இங்க சேத்தாச்சா சார்?"

"போய் ஒக்காரு புள்ள."

"பொறந்த ஊரு எது அக்கா?" என்றார் இப்போது பட்டியலோடு வந்திருக்கும் தம்பி, பென்சிலை எடுத்தபடி.

"ஹட்டன். இலங்கை."

அவர் விரல் மறுபடி நாக்குக்குப் போனது. எழுந்துபோய்க் கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன்.

"இதுல தொட்டுக்கங்க தம்பி. ஊர்ப் பேரப் பேனாவுல எழுதுங்க."