இன்னொருக்கால் கேளுங்கோ

நித்தியானந்தன் பந்துக்கு எழும்பினால் மண்டபம் முழுக்க ஒரு கணம் வாயடைத்துப் போகும். கூட்டிச் சொல்வதாக நினைப்பவர்கள் எண்பத்தேழாம் ஆண்டுக் குளிர்காலத்தில் சுவிற்சர்லாந்தின் சோலோதுர்ன் பக்கம் போகாதவர்கள். அங்கே ஆற்றங்கரையில் இருந்த ஒரு தொழில்நுட்பக் கல்லூரியின் கரப்பந்தாட்ட அணியில் அவன் ஆடினான். ஆள் அப்படியொன்றும் நெடுவல் இல்லை. மற்றவர்களின் தோளுக்குத்தான் வருவான். ஆனால் பந்தை உயர்த்திவிட்டால் போதும், அந்த நெட்டைப் பொடியன்களுக்கும் மேலே போய் நிற்பான். நிற்பான் என்றுதான் சொல்ல வேண்டும். அங்கே நின்று, ஆறுதலாக எதிர்ப்பக்கத்தைப் பார்த்து, எங்கே ஆளில்லையோ அங்கே அடிப்பான். பந்து தரையில் பட்டுச் சுவரில் மோதிய பிறகுதான் சனங்களுக்குக் கைதட்டும் ஞாபகமே வரும்.

அவனுக்கு வயது இருபத்துமூன்று. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அகதி வழக்குப் போட்டு, இரு என்றோ போ என்றோ பதில் வராமல் இருந்தவன். பாலத்தடியில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினான். கிழமையில் இரண்டு பின்னேரம் கல்லூரியில் தொழில்நுட்ப வரைபடம் படித்தான். அந்த வகுப்பில் பெயர் பதிந்திருந்ததால் அவனும் மாணவன். மாணவன் என்றால் கல்லூரி விளையாட்டுக் கழகத்தில் அங்கத்தவன். ஒருநாள் வகுப்புக்குப் போகும் வழியில் விளையாட்டு மண்டபத்தை எட்டிப் பார்த்தவனை, அணித்தலைவன் ஊர்ஸ் உள்ளே கூப்பிட்டு ஒரு பந்து அடிக்கச் சொன்னான். அடித்தான். அன்றைக்கே அவனுடைய அளவுக்குச் சட்டை தேடத் தொடங்கிவிட்டார்கள்.

ஆட்டம் பார்க்க நுழைவுச்சீட்டு விற்றார்கள். சட்டையின் முதுகில் ஒரு மணிக்கூட்டுக் கடையின் பெயர் இருந்தது. கல்லூரியின் விளம்பரப் புத்தகத்தில் நித்தியானந்தன் அந்தரத்தில் நிற்கும் படம் அட்டைக்கே வந்துவிட்டது. ஆடியவர்களுக்கோ ஒன்றுமில்லை. வெளியூர் ஆட்டமென்றால் ரயில் காசும் அவரவர் பாடு. எந்த நாள் ஆட்டம், எங்கே ஆட்டம் என்பதைக் கழகத்தின் நிர்வாகக்குழு தீர்மானிக்கும். அதில் ஆடுகிறவர் ஒருவரும் கிடையாது. நித்தியானந்தன் இதையெல்லாம் யோசித்ததேயில்லை. ஊரில் தன் கல்லூரிக்கு ஆடியபோதும் ஒரு பணிசும் சோடாவும்தான். மறுநாள் காலைக் கூட்டத்தில் அதிபர் அவன் பெயரைச் சொன்னால் அவன் வயிறு அதிலேயே நிறைந்துவிடும்.

வில்லங்கம் சனிக்கிழமையில் வந்தது. ஆட்டமெல்லாம் சனிக்கிழமை, உணவகத்தில் கோப்பை மலைபோல் குவிவதும் சனிக்கிழமை. அங்கே முதலாளியை செஃப் என்பார்கள். செஃப் கெட்ட மனிதரல்ல, ஆட்டம் பார்க்கவும் ஒருமுறை வந்தவர். ஆனாலும் ஒருநாள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "போகிறதென்றால் உன் இடத்துக்கு ஆளை விட்டுவிட்டுப் போ. அந்த ஆளின் கூலி உன் பொறுப்பு. இல்லையென்றால் இரண்டில் ஒன்றை விடு." வேலையை விட்டால், இங்கே தங்கியிருக்கும் பெர்மிட்டுக்கு ஆபத்து. பந்தை விடவோ மனமில்லை. இந்த நாட்டில் அவன் நிமிர்ந்து நின்ற ஒரே இடம் அந்த வலையடிதான்.

அவன் மகேஸ்வரன் அண்ணை வீட்டில் ஓர் அறையில் இருந்தான். மகேஸ்வரன் அந்த ஊர்த் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தவர். அவருடைய மனைவி ஜெயமலர். விஷயத்தைக் கேட்டதும் மகேஸ்வரன் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"உனக்கென்ன விசரோ? அவங்களுக்காகத் துள்ளித் துள்ளி விழுறாய். ஒரு சதம் தாறாங்களோ?"

"ஒருக்கால் கேட்டவை அண்ணை. ரயில் காசு வேணுமோ எண்டு ஊர்ஸ் கேட்டவன்."

"நீ என்ன சொன்னனீ?"

"வேண்டாம் எண்டனான்."

ஜெயமலர் தலையில் கைவைத்துக்கொண்டாள். "ஐயோ தம்பி! நானும் வந்த புதிசிலை இதைத்தான் செய்தனான். கீழ்வீட்டு மனிசி கேக் வெட்டி வைச்சுச் சாப்பிடுறியளோ எண்டு கேட்டா. வேண்டாம் வேண்டாம் எண்டன். இன்னும் ரண்டு தரம் கேப்பா, பிறகு எடுப்பம் எண்டு இருந்தால், அவ அப்பிடியே மூடிக் கொண்டுபோய் உள்ளை வைச்சிட்டா. நான் அந்தக் கேக்கைப் பாத்த பார்வையை உங்கடை அண்ணையிட்டைக் கேளுங்கோ!"

மூவரும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள். முதல் தரம் கேட்டவுடன் ஓம் என்பவன் சாப்பாட்டுக்கு அலந்தவன் என்றல்லவா வளர்த்து விட்டிருக்கிறார்கள்! "இஞ்சை ஒருக்கால்தான் கேப்பினம்," என்றாள் ஜெயமலர். "வேணுமெண்டால் உடனை வேணுமெண்டு சொல்லிப்போடவேணும்." நித்தியானந்தன் தலையாட்டினான். தலைக்கு விளங்கியது வாய்க்கு விளங்க நாளெடுக்கும் என்பது அப்போது அவனுக்குத் தெரியாது.

அந்த மாதக் கடைசியில் கழகத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டம் வந்தது. ஊர்ஸ் ஒரு பிரேரணை கொண்டு வந்திருந்தான். ஆட்டத்துக்காக ஒருநாள் வேலையை இழக்கும் மாணவருக்குக் கழகம் அந்த நாட்கூலியைக் கொடுக்க வேண்டும். நிர்வாகக்குழுவில் இரண்டு இடம் ஆடுகிறவர்களுக்கு வேண்டும். தன் கதையைக் கேட்டுத்தான் அவன் இதை எழுதினான் என்று நித்தியானந்தனுக்குத் தெரியும். அதனால் செஃப்பிடம் மன்றாடி ஒரு பின்னேரம் லீவு வாங்கிக்கொண்டு போனான்.

ஓர் உணவகத்தின் மேல்மாடியில் கூட்டம். உள்ளே போனவன் வாசலிலேயே திகைத்து நின்றான். கல்லூரி அதிபர் மேடையில் இல்லை. மேடையே இல்லை. எல்லோரையும் போல ஒரு மரக்கதிரையில், முதலாமாண்டு மாணவி ஒருத்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். கூட்டத்தை நடத்தியவர் கழகத் தலைவி திருமதி புர்க்கி என்ற வயதான அம்மா. அதிபர் பேச விரும்பியபோது கையை உயர்த்தி, அந்த அம்மா தன் பெயரைச் சொல்லும்வரை பேசாமல் காத்திருந்தார். அதிபர் காத்திருக்கிறார்! ஊரில் அதிபரின் அறை வாசலில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கால் கடுக்க நின்றவன் நித்தியானந்தன்.

ஊர்ஸ் எழுந்தான். "பயிற்சியாளருக்குச் சம்பளம் உண்டு. நடுவருக்கு உண்டு. மண்டபம் கூட்டுகிறவருக்கும் உண்டு. துள்ளுகிறவனுக்கு மட்டும் இல்லை. எந்த நாளில் துள்ள வேண்டும் என்றுகூட அவனை ஒருவரும் கேட்பதில்லை. அது எப்படி நியாயம்?" அதிபரின் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டான். இடி விழவில்லை. ஒருவரும் அவனை வெளியே போகச் சொல்லவில்லை. அதிபர் ஆறுதலாகக் கேட்டு முடித்துவிட்டுக் கையை உயர்த்தினார்.

"காசு வந்தால் மாணவன் கூலிக்காரனாகிவிடுவான்," என்றார். "கல்லூரிக்காக ஆடுவது ஒரு மரியாதை. அதற்கு விலை போட எனக்கு மனமில்லை." அவர் மனதாரச் சொன்னார். பலர் தலையாட்டினார்கள். நித்தியானந்தனின் தலையும் தன்னையறியாமல் ஒருமுறை ஆடியது.

அப்போது திருமதி புர்க்கி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அவன் பக்கம் திரும்பினார். "சனிக்கிழமை வேலையை இழப்பவர்களில் நீங்களும் ஒருவர் அல்லவா? உங்களுக்கு இந்தப் பணம் தேவையா?"

கூட்டமே திரும்பிப் பார்த்தது. நித்தியானந்தனின் வாய் திறந்தது. இருபத்துமூன்று வருட வளர்ப்பு அதிலிருந்து சிரித்த முகத்தோடு வெளியே வந்தது.

"நைன், நைன். டங்கே."

வேண்டாமாம், நன்றியாம். தலைவி சரி என்று தலையசைத்துவிட்டுத் தாளைப் புரட்டினார். "பாருங்கள்," என்றார் அதிபர். அவர் குரலில் ஏளனம் இல்லை, உண்மையான நெகிழ்ச்சி இருந்தது. "நமது மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கே வேண்டாமாம்." ஊர்ஸ் நித்தியானந்தனைப் பார்த்தான். கோபம் இருந்திருந்தால் இவன் தாங்கியிருப்பான். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, ஒன்றும் விளங்காத தவிப்புத்தான் இருந்தது. பின்வரிசையில் யாரோ, அப்படியென்றால் எதற்கு இந்தப் பிரேரணை என்று முணுமுணுத்தார்.

தலைவி இன்னொரு தரம் கேட்பார் என்று நித்தியானந்தன் காத்திருந்தான். கேட்கவில்லை. கேட்க மாட்டார்கள். தலைவி வாக்கெடுப்புக்குப் போகிறோம் என்றார். வேலை, சட்டை, வலையடி, தன்னை நம்பி எழுந்து நின்ற ஊர்ஸ், எல்லாவற்றையும் ஒரு நல்ல பழக்கம் வாரிக்கொண்டு போகப் போகிறது.

அவன் கையை உயர்த்தினான். தலைவி அவன் பெயரை உச்சரிக்கப் பட்ட பாடு தனிக்கதை. ஆனாலும் விடாமல் முழுதாகச் சொல்லி முடித்தார்.

"மன்னிக்க வேண்டும்," என்றான், தனக்குத் தெரிந்த ஜெர்மனில். "எங்கள் ஊரில் முதல் தரம் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வோம். அது மரியாதை. வேண்டாம் என்று அர்த்தமில்லை. கேட்பவர் திரும்பக் கேட்பார். தயவுசெய்து இன்னொரு தரம் கேளுங்கள்."

ஒருவரும் சிரிக்கவில்லை. திருமதி புர்க்கி கையிலிருந்த தாளை மேசையில் வைத்தார். "உங்களுக்கு இந்தப் பணம் தேவையா?"

"ஓம்," என்றான் தமிழில். பிறகு, "ஆம். தேவை. இல்லையென்றால் சனிக்கிழமை நான் ஆட முடியாது. கல்லூரிக்கு ஆடுவது எனக்கும் மரியாதைதான். அந்த நேரம் என் இடத்தில் யாரோ ஒருவர் கோப்பை கழுவ வேண்டும். அவருக்கு மரியாதையைக் கூலியாகக் கொடுக்க முடியாது."

சொல்லிவிட்டுத் தொப்பென்று உட்கார்ந்தான். இவ்வளவும் தன் வாயிலிருந்துதானா வந்தது என்று அவனுக்கே நம்பிக்கையில்லை.

ஆதரவானவர்களைக் கையை உயர்த்தச் சொன்னார் தலைவி. ஒரு பெண் வரிசை வரிசையாக எண்ணிக்கொண்டு வந்தாள். நித்தியானந்தனின் கையில், தண்ணீரில் ஊறி வெடித்த அந்தக் கையில், அவள் பார்வை பட்டு ஒன்று கூட்டிக்கொண்டு நகர்ந்தது. எதிரானவர்கள் என்றபோது அதிபரின் கை உயர்ந்தது. அவள் அதற்கும் ஒன்றுதான் கூட்டினாள். நித்தியானந்தன் கண்ணால் பார்த்தான். அதிபருக்கு ஒன்று. கோப்பை கழுவுகிறவனுக்கு ஒன்று. இரு என்று இந்த நாடு இன்னும் சொல்லாத ஒருத்தனின் கையை இவர்கள் எண்ணிவிட்டார்கள். மனிதர் இப்படியும் வாழ முடியுமா?

பிரேரணை வென்றது. ஊர்ஸ் அவன் முதுகில் ஓங்கி அறைந்தான். கதிரைகள் இழுபட்ட சத்தத்துக்கு நடுவே அதிபர் நேரே அவனிடம் வந்தார். நித்தியானந்தன் துள்ளி எழுந்து பழையபடி கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். தோற்ற மனிதர் தன் கையை நீட்டியபடி, இவன் கை முன்னால் வரும்வரை, அப்படியே நின்றார். வந்ததும் இறுக்கிப் பிடித்துக் குலுக்கினார். நித்தியானந்தனுக்குக் கண் கலங்கிவிட்டது, அவன் அதை மறைக்கவும் இல்லை.

"நான் இன்னமும் உங்களோடு உடன்படவில்லை," என்றார் அதிபர். "சனிக்கிழமை ஆட்டம் எத்தனை மணிக்கு?"