விளக்குப் பெட்டிக்குள் ராட்சசப் பல்லிகள்

விளக்குப் படம் காட்டிப் பிழைக்கிறவனுக்கு முதல் எதிரி காற்று. இரண்டாவது எதிரி, முன்வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கேள்வி கேட்கிறவர். கேள்விகளால் அடிபட்டு வீடு திரும்பிய வாத்தியார்மார் யாராவது இதைப் படித்தால் என் வலி புரியும்.

தகரப் பெட்டிக்குள் மண்ணெண்ணெய் விளக்கு, அதன் முன்னால் வர்ணம் தீட்டிய கண்ணாடித் தகடு, எதிரே கட்டிய வேட்டியில் ஆள் உயரத்துக்குப் படம். இவ்வளவுதான் என் தொழில். பாளையங்கோட்டையில் எங்கள் மிஷன் பள்ளிக்கூடத் துரை என்னை அந்த வேலைக்கு வைத்திருந்தார். வேதாகமப் படங்களையே நாலைந்து வருஷம் காட்டிக்கொண்டிருந்தேன். ஒரு முறை சீமையிலிருந்து திரும்பிய துரை, பூமியில் மனிதன் தோன்றுமுன்னே வாழ்ந்து அழிந்த பிராணிகளின் படங்களை ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்தார். டைனோசார் என்றால் பயங்கரப் பல்லி என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார். ஜனங்களுக்கு அது ராட்சசப் பல்லி ஆகிவிட்டது.

மூப்பரின் கணக்கு

முதல் காட்சி எங்கள் பள்ளிக்கூடத்து முற்றத்தில். ஊசிப் பல்லும் நீண்ட கழுத்துமாக முதல் பிராணி வேட்டியில் விழுந்ததும் பெண்கள் பக்கம் ஒரே கூச்சல். சபை மூப்பர் மட்டும் அசையவில்லை. அறுபது வயதுக்காரர். ஆற்றுப் பாசனத்தில் நெல்வயல் வைத்திருந்தவர். சபையில் அவர் வேண்டாம் என்றால் துரையும் யோசிப்பார்.

எல்லாம் முடிந்து விளக்கை அணைக்கப்போனேன். மூப்பர் எழுந்து வந்தார். இந்தப் படங்கள் வேதத்துக்கு ஒத்துவராது, அடுத்த சபைக் கூட்டத்தில் நிறுத்தச் சொல்லப்போகிறேன் என்றார். இந்த வேலையை விட்டால் எனக்கு வேறு வேலை தெரியாது. வீட்டில் பெண்டாட்டியும் சின்னப் பிள்ளைகளும். துரை சொன்னதைத்தானே நான் சொல்கிறேன் என்று மென்று விழுங்கினேன். அவர் படப்பெட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கேட்டார்: "பிரளயத்துல மிதந்த பேழைக்கு நீளம் அகலம் எல்லாம் வேதத்துல எழுதியிருக்கு. இதுல ஒரு சோடி ஏறிட்டா, யானை எங்கன வே நிக்கும்?"

பாய் விரித்து அளந்தது

கூட்டம் கூடும்வரை ஊர் ஊராகக் காட்டச் சொல்லித் துரை அனுப்பிவிட்டார். வண்டிக்காரர் சுடலைமுத்து அண்ணாச்சியும் நானும் பத்தமடைக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கே நான், ஒரு பிராணிக்கு மூக்கிலிருந்து வால்நுனி வரை எண்பது அடிக்கு மேல் என்று சொன்னதும் சிரித்துவிட்டார்கள். பாய் வியாபாரி ஒருவர் கடையிலிருந்த பாய்களை அள்ளிக்கொண்டு வந்து தெருவில் ஒன்றன்பின் ஒன்றாக விரிக்கத் தொடங்கினார். பாய் தெருமுனை திரும்பி அடுத்த தெருவுக்குள் போனது. சிரித்தவர்கள் அதன் ஓரமாக நடந்து பார்த்தார்கள்.

சும்மா இருந்திருக்கலாம். இத்தனை பெரிய உடம்புக்கு மூளை கைப்பிடிக்குள் அடங்கும் என்றும் சொல்லிவைத்தேன். கோரை கிழித்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் கையை நிறுத்தி, பாயின் இந்தக் கோடியையும் அந்தக் கோடியையும் பார்த்தாள். "அப்போ வால்ல மிதிச்சா, தலைக்குச் சேதி என்னைக்கு வாத்தியாரே போய்ச் சேரும்?"

என்ன பலன்?

அம்பாசமுத்திரத்தில் நல்ல கூட்டம். வக்கீல்கள், மிராசுதாரர்கள், கோயில்காரர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். பயங்கரப் பல்லி என்ற பேரைச் சொன்னேனோ இல்லையோ, ஒரு மிராசுதாரர் கை தூக்கினார். சாதாரணப் பல்லி தலையில் விழுந்தால் ஒரு பலன், தோளில் விழுந்தால் ஒரு பலன் உண்டு. இது விழுந்தால் என்ன பலன் என்று உண்மையாகவே கேட்டார்.

துரை கொடுத்த குறிப்பில் அதற்குப் பதில் இல்லை. பக்கத்திலிருந்த பஞ்சாங்கக்காரர் கண்ணை மூடிக் கொஞ்சம் யோசித்தார். "பலன் உண்டு. ஆனா யார் மேல விழுந்துச்சோ அவனுக்கு இல்ல வே, அவன் வாரிசுக்கு."

மூக்கில் ஏறிய விரல்

திசையன்விளைச் சந்தையில் காட்டியபோது இக்வானோடான் என்ற பிராணியின் கதையைச் சொன்னேன். சீமையில் முதலில் அதன் எலும்புகள் உதிரியாகத்தான் அகப்பட்டன. கூராக ஒரு கொம்பு இருந்தது. பண்டிதர்கள் அதைக் காண்டாமிருகத்துக்குப் போல மூக்கின்மேல் வைத்துப் படம் வரைந்தார்கள். பிறகு ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் முழு எலும்புக்கூடுகளே கிடைத்தன. பார்த்தால், அது கொம்பே இல்லை, கையின் கட்டைவிரல்.

கூட்டம் இரண்டு நிமிஷம் சிரித்து ஓய்ந்தது. நகை வேலை செய்கிற ஓர் ஆசாரி மட்டும் சிரிக்கவில்லை. தொழில்முறையில் வருத்தப்பட்டவர்போல் தலையாட்டினார். "மோதிரத்த மூக்குத்தின்னு நான் கொடுத்திருந்தா, இந்தச் சந்தையில என்னைய உயிரோட விட்டிருப்பாவளா?"

கடைசி ஒன்று

சேரன்மகாதேவியில் காட்சி முடிந்து கூட்டம் கலைந்த பிறகும் ஒரு பெண் தூணருகே நின்றுகொண்டிருந்தாள். முந்தின வருஷம் வாந்திபேதியில் அவள் வீட்டில் புருஷன், பிள்ளைகள், மாமியார் எல்லாரும் போய்விட்டார்கள் என்று சுடலைமுத்து அண்ணாச்சி என் காதில் சொன்னார். அவள் கேட்டது ஒன்றுதான்: அவ்வளவு பெரிய பிராணிகள் எப்படி அடியோடு அழிந்தன? அது துரைக்கும் தெரியாது, சீமைப் பண்டிதர்களுக்கும் இன்னும் தெரியாது என்று உள்ளதைச் சொன்னேன்.

அவள் போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. வெறும் வேட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கடைசியா ஒத்தையில நின்னுச்சே ஒண்ணு, அது யாரத் தேடியிருக்கும் ஐயா?"



தூறல்

அந்த வருஷம் ஐப்பசியும் கார்த்திகையும் மழையில்லாமல் போயின. கால்வாயில் தண்ணீர் இல்லை. குளங்கள் வெடித்துக் கிடந்தன. சபைக் கூட்டத்துக்கு முன்னால் மூப்பர்கள் எல்லாரும் ஒருமுறை படங்களைப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும் என்று துரை சொல்லிவிட்டார். அவசரத்தில் நான் செருகிய முதல் படம் வேட்டியில் தலைகீழாக விழுந்தது. பேழைக் கணக்குக் கேட்ட மூப்பர் முன்வரிசையில், கையைக் கட்டிக்கொண்டு.

பெட்டியில் நான் அதிகம் காட்டாத ஒரு படம் இருந்தது. பிராணியே அதில் கிடையாது, வெறும் கல். கல்லில் மூன்று விரல் பதிந்த கால்தடம், சுற்றிலும் அம்மைத் தழும்புபோலச் சின்னச் சின்னக் குழிகள். அந்தக் குழிகள் மழைத்துளி விழுந்த தடம் என்று சொன்னேன். ஈரச் சேற்றில் பிராணி நடந்துபோயிற்று, தூறல் விழுந்தது, சேறு காய்ந்தது, மேலே மணல் மூடி எல்லாம் கல்லாகிவிட்டது.

மூப்பர் எழுந்தார். வேட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றார். அவர் நிழல் பாதிப் படத்தை மறைத்தது.

"இது மழையா?"

"மழைதான் ஐயா."

"காத்து எந்தப் பக்கம்?"

அது எனக்குத் தெரியும். குழிகள் ஒரு பக்கம் ஆழமாகச் சரிந்திருக்கும். அதை வைத்துக் காற்றடித்த திசையையும் சொல்லலாம் என்று துரை சொல்லியிருந்தார். சொன்னேன். மூப்பர் வேட்டியில் தெரிந்த ஒரு குழியின் மேல் விரலை வைத்தார். வெகுநேரம் அப்படியே வைத்திருந்தார். நானும் தகட்டை மாற்றவில்லை.

கூட்டத்தில் என் பேச்சு வந்ததும் மூப்பர்தான் முதலில் எழுந்தார். நான் வாசல்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் சொன்னார்: "என்னைக்கோ பெஞ்ச ஒரு தூத்தலக்கூட ஆண்டவர் அழியவிடாம வச்சிருக்காரு. நமக்கு மட்டும் மழை இல்லன்னு சொல்லிருவாரா? படத்த நிறுத்தாண்டாம்."

செத்து எத்தனையோ யுகமான பிராணிகளைக் காட்டி உயிரோடிருக்கிற மனிதர்களிடம் பிழைத்தவன் நான். அதில் பிராணிகளால் எனக்கு ஒருநாளும் தொந்தரவு வந்ததில்லை.