எழுந்திருக்க ஒரு பெஞ்சு

என் அக்கா வீட்டுக்காரர் செய்யும் நாற்காலிகளில் ஒரே ஒரு குறை உண்டு. உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள். வீட்டுக்கு வரும் விருந்தாளிகள் "இதோ கிளம்பிட்டேன்" என்று சொல்லிச் சொல்லியே அடுத்த வேளைச் சாப்பாட்டுக்கும் இருந்துவிடுவார்கள். முதுகுக்கு ஒரு வளைவு, தொடைக்கு அடியில் பின்பக்கமாக ஒரு சரிவு. அந்தச் சரிவுதான் அத்தானின் தொழில் ரகசியம். ரகசியம் என்று பேர்தானே தவிர, கேட்காதவர்களுக்கும் கூப்பிட்டுச் சொல்லுவார். கொழுந்தியாள் என்ற முறையில் அவரைக் கேலி செய்ய எனக்கு முழு உரிமை உண்டு. அதில் நான் ஒரு நாளும் குறை வைத்ததில்லை.

அக்கா அவருக்கு நேர் எதிர். ஓர் இடத்தில் உட்கார மாட்டாள். கடலோரத்து முக்குளிப்புப் பள்ளியில் பதினாறு வருஷமாகப் பயிற்சி கொடுக்கிறாள். முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு நாலு பேரைக் கடலுக்கடியில் கூட்டிப்போய், நாலு பேரையும் பத்திரமாக மேலே கொண்டுவந்து சேர்ப்பாள். அதே பள்ளியில் சிலிண்டர்களுக்குக் காற்று நிரப்புவது என் வேலை. அத்தானுக்கோ நீச்சல் தெரியாது. குளிக்கும்போது தலையில் தண்ணீர் ஊற்றுவதற்குக்கூட மூச்சைப் பிடித்துக்கொள்கிற மனிதர்.

போன வருஷம் அக்காவுக்கு இடுப்பில் டிஸ்க் விலகிவிட்டது. மூன்று மாதம் படுக்கை. அப்புறம் டாக்டர் சொன்னார்: "தாராளமா கடல்ல இறங்குங்க. தண்ணிக்குள்ள பாரம் தெரியாது. ஆனா தரையில குனிஞ்சு திரும்பி சிலிண்டரைத் தூக்கினீங்கன்னா அப்புறம் என்னாலயும் ஒண்ணும் பண்ண முடியாது."

எங்கள் பள்ளியில் எல்லாரும் தரையில் உட்கார்ந்துதான் சிலிண்டரை மாட்டுவோம். யாராவது கைகொடுத்துத் தூக்கிவிடுவார்கள். முதலாளி நல்லவர், ஆனால் கறார்.

"உங்களைத் தூக்கிவிடன்னு தனியா ஒரு ஆள் போட முடியாதும்மா. மாசக் கடைசிக்குள்ள யார் கையும் பிடிக்காம முழு சாமானோட எந்திரிச்சுக் காட்டுங்க. முடியலைன்னா வரவேற்பு மேஜையில உக்காந்துக்கங்க" என்றார்.

வரவேற்பு மேஜைக்குப் பின்னால் இருப்பது அத்தான் செய்த நாற்காலி. ஆக, அங்கே உட்கார்ந்தால் கதை முடிந்தது.

அன்றைக்கு அக்கா என் தோளில் சாய்ந்து அழுதாள். "மத்தவங்க இறங்குறதைப் பார்த்துக்கிட்டே போன் எடுக்கணுமா? என்னால முடியாதுடி" என்றாள். அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

சிலிண்டரை மாட்டிக்கொள்வதற்கென்றே பெஞ்சுகள் விற்கிறார்கள். விலையைப் பார்த்ததும் முதலாளி பட்டியலை மூடி, அதன்மேல் தன் மதியச் சாப்பாட்டு டப்பாவையும் வைத்துவிட்டார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "எங்க வீட்டிலயே ஒரு நிபுணர் இருக்காரே" என்று சொல்லிவைத்தேன்.

நிபுணர் வந்தார். சிலிண்டரின் உயரம், சுற்றளவு எல்லாம் அளந்தார். உப்புக் காற்றுக்கு மரம் தாங்காது என்று கட்டடச் சாரத்துக்குப் போட்ட, துரு ஏறாமல் துத்தநாகம் பூசிய பழைய இரும்புக் குழாய்களைக் காயலான் கடையில் பொறுக்கினார். உட்காரும் பலகைக்குக் கிடங்கில் சரக்கு அடுக்கும் பிளாஸ்டிக் தட்டுகளை அறுத்துக்கொண்டார். செலவு என்னவோ சொற்பம்தான். பத்து நாளில் பெஞ்சு வந்தது. முன்னால் ஆள் உட்காரும் இடம், அதற்குப் பின்னால் சிலிண்டர் நிற்க ஒரு தட்டு, அது விழாமல் இருக்க ஒரு தடுப்பு. ஆடாமல் இருக்க முன்கால்கள் இரண்டையும் இணைத்து அடியில் ஒரு தடித்த குழாய். படகுக்காரர்கள் நாலு பேர் மேலே ஏறிக் குதித்துப் பார்த்தார்கள். அசையவில்லை. அத்தான் மீசையைத் தடவிக்கொண்டார்.

அக்கா உட்கார்ந்தாள். கைகளை நுழைத்தாள், வார்களைப் பூட்டினாள். எழ முயன்றாள். முடியவில்லை. இன்னொரு தடவை முயன்றாள். அப்போதும் இல்லை.

"ரொம்ப சொகுசா இருக்குங்க. ஒரு தலகாணி குடுத்தா தூங்கிடுவேன்" என்றாள். வார்களைக் கழற்றிவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் போய்விட்டாள். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்திருந்தது.

எனக்கு வந்ததே கோபம். "உக்காருங்க அத்தான்" என்றேன்.

"நான் தண்ணிக்குள்ளயெல்லாம் போக மாட்டேன்" என்று பதறினார்.

"பெஞ்சுல எங்க தண்ணி இருக்கு? உக்காருங்க."

மிதவை ஜாக்கெட், சிலிண்டர், ஈய எடை பெல்ட் எல்லாவற்றையும் அவருக்கு மாட்டிவிட்டேன். "இப்ப எந்திரிங்க." மனிதர் முக்கினார், முனகினார். மல்லாந்த ஆமை மாதிரி கைகால்தான் அசைந்ததே தவிர ஆள் கிளம்பவில்லை. ஓட முடியாத நிலையில் மாட்டியிருக்கும்போதே கேட்டுவிடலாம் என்று கேட்டேன்.

"உண்மையைச் சொல்லுங்க. வேணும்னே இப்படிப் பண்ணினீங்களா?"

"சத்தியமா இல்லம்மா." நெஞ்சுக்குக் குறுக்கே இருந்த வாரைத் திருகினார். பிறகு, "ஆனா அவளால எந்திரிக்க முடியலைன்னதும் எனக்கு வயித்துல பால் வார்த்த மாதிரி இருந்துச்சு" என்றார். "அவ படுக்கையில கிடந்த மூணு மாசமும் நான் நிம்மதியா வேலை பார்த்தேன். அவ வலியில துடிக்கிறா, எனக்கு நிம்மதி. நானெல்லாம் ஒரு மனுஷனா?"

என் கோபம் போன இடம் தெரியவில்லை. வார்களைக் கழற்றிவிட்டேன்.

"பதினாறு வருஷமா தினமும் பயந்துக்கிட்டு இருந்தீங்களா? அவகிட்ட சொன்னீங்களா?"

"சொன்னா போகாம இருந்துடுவா. அது இதைவிடப் பாவம்" என்றார்.

அடுத்த வாரம் அக்காவை டாக்டரிடம் கூட்டிப்போனவர், காத்திருக்கும் இடத்தில் தரையை ஒட்டிக் குந்திக்கொண்டு வருகிறவர் போகிறவர் காலையே பார்த்திருக்கிறார். நர்ஸ் வந்து, "ஐயா, எதையாவது தொலைச்சுட்டீங்களா?" என்றாராம். "ஆமாம்மா, கண்டுபிடிச்சுட்டேன்" என்று பதில் சொல்லிவிட்டு அங்கிருந்தே எனக்குப் போன் செய்தார்.

"ஒருத்தர் விடாம பார்த்துட்டேன். காலைப் பின்னால இழுத்துக்காம யாருமே எந்திரிக்கிறதில்ல! நான் அந்த இடத்துலதான் குழாயை வச்சு அடைச்சிருக்கேன். முப்பது வருஷமா ஜனங்க உக்காருறதைத்தான் பார்த்தேன், எந்திரிக்கிறதைப் பார்க்கவே இல்ல."

ஆனைக்கும் அடி சறுக்கும் என்று சொல்ல வாய் வரை வந்தது. பாவம் என்று விட்டுவிட்டேன்.

முன்குழாயை அறுத்துப் பின்னால் போட்டார். பக்கத்துக்கு ஒன்றாகக் குறுக்குச் சட்டம் கொடுத்தார். இருக்கையைச் சாதாரண நாற்காலியைவிட ஒரு சாண் உயர்த்தினார். கையூன்றி எழ இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்தார். கடைசியாக, ஊரெல்லாம் பெருமையடித்த அந்தச் சரிவை எடுத்துவிட்டு, பலகையை முன்பக்கமாக ஒரு விரல் அளவு சாய்த்தார். அதைச் செய்யும்போது மட்டும் என்னைப் பட்டறையை விட்டு வெளியே போகச் சொல்லிவிட்டார்.

மாசக் கடைசி வந்தது. முதலாளி கைகட்டி நின்றார். அக்கா உட்கார்ந்தாள், வார்களைப் பூட்டினாள், கால்களை உள்ளே இழுத்தாள், கையூன்றி முன்னால் சாய்ந்தாள். எழுந்துவிட்டாள். அவ்வளவுதான். படகுக்காரர்கள் விசில் அடித்தார்கள். முதலாளி "இதே மாதிரி இன்னும் அஞ்சு செஞ்சு குடுங்க" என்றது அத்தான் காதில் விழவில்லை. அக்கா படகுத்துறையின் விளிம்புக்குப் போய், முகமூடியைக் கையால் அழுத்திப் பிடித்தபடி கடலில் காலெடுத்து வைத்தாள்.

அத்தான் அதுவரை துறைப் பக்கமே வந்ததில்லை. அன்றைக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு விளிம்பு வரை வந்தார்.

"அது என்ன, குமிழி குமிழியா வருது?"

"அக்கா மூச்சு விடுறா அத்தான்."

"அப்ப அது நிக்காம வரணும்."

"ஆமா."

நாற்பது நிமிஷம் கண்ணை எடுக்காமல் நின்றார். பிடித்த என் கையை விடவில்லை, எனக்கு விரல் மரத்துவிட்டது. அக்கா ஏணியைப் பிடித்து ஏறிவந்து, பெஞ்சில் சிலிண்டரை இறக்கி வைத்துவிட்டு, முதல் வார்த்தையாகக் குறை சொன்னாள்.

"கைப்பிடி இன்னும் ரெண்டு விரல் முன்னால இருக்கணும்."

வேறு யாராவது சொல்லியிருந்தால் அத்தான் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசியிருக்க மாட்டார். சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு டேப்பை எடுத்தார்.

"நாளைக்கு நீ இறங்குறதுக்குள்ள மாத்தி வச்சிடறேன்" என்றார்.