தண்டலுக்கு எடுபிடி

என் கணவர் தோணியில் தண்டலாக, ஆட்களை வைத்துத் தோணியை நடத்துகிற தலைவராக இருந்தவர். தூத்துக்குடியிலிருந்து வெங்காயமும் செங்கல்லும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போகும் தோணிகளில் தண்டல் வைத்ததுதான் சட்டம். சுக்கான் பக்கத்தில் அவர் உட்கார்ந்துவிட்டால், டீ, துண்டு, வெற்றிலை எல்லாம் உட்கார்ந்த இடத்துக்கு வந்து சேரும். போன வருஷம் கால் முட்டு ஆபரேஷன் ஆனபிறகு, எங்கள் ஹாலில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியே அவருக்குச் சுக்கான் மேடையாகிவிட்டது. சிப்பந்தி நான் ஒருத்திதான்.

"ஏளா, கண்ணாடி." "ஏளா, ரிமோட்டு." "ஏளா, அந்தத் துண்டு." நடக்கலாம் என்று டாக்டர் சொல்லியாயிற்று. ஆனால் தண்டல் காதில் டாக்டர் சொல் ஏறுமா?

துறைமுகச் சாலையில் ஒரு கிளியரிங் ஆபீசில் எனக்கு வேலை. அவரைப் பார்த்துக்கொள்ளப் போட்ட லீவு முடிகிற சமயத்தில்தான் வீட்டு நாய்மேல் என் கண் விழுந்தது. மீன் ஏலம் போடுகிற இடத்தில் திரிந்துகொண்டிருந்தவள், ஒருநாள் என் கூடையை மோந்துகொண்டே பின்னால் வந்து எங்கள் வாசலில் குடியேறிவிட்டாள். காவலும் கிடையாது, குரைப்பும் கிடையாது. ஓசிச்சோறு தின்கிற ஒருத்தி வீட்டில் இருக்கும்போது, நான் ஏன் ஓடி ஓடிச் சாக வேண்டும்?

பாடம் தொடங்கினேன். கூலி, நெத்திலிக் கருவாடு. கடற்கரையில் வலை உதற ஒரு கை கொடுத்தவனுக்கும் கொஞ்சம் மீன் உண்டு. அங்கே வளர்ந்தவளுக்கு அந்த நியாயத்தை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. செருப்பைக் கவ்வினால் ஒரு நெத்திலி, அதைத் தண்டல் மடியில் கொண்டுபோய்ப் போட்டால் இன்னொன்று.

ஆனால் கருவாட்டுக் கையோடு நான் தொட்டுக் காட்டியதால், கருவாடு மணக்கிற எதையும் கொண்டுவர வேண்டும் என்று அவள் புரிந்துகொண்டாள். எங்கள் தெருவில் கருவாடு தொடாத கை ஏது? பக்கத்து வீட்டு மைனியின் விளக்குமாறு, எதிர்வீட்டு அண்ணாச்சியின் லுங்கி, இன்னார் என்றே தெரியாத ஒருவரின் ஒற்றைச் செருப்பு, எல்லாம் தண்டல் மடியில் வந்து இறங்கின.

விளக்குமாற்றைத் திரும்ப வாங்க வந்த மைனி, "தண்டலுக்கு இப்பம் கரையிலயும் சரக்கு எறங்குதாக்கும்" என்றாள். அவர் காதிலேயே வாங்கவில்லை. லுங்கியை விரித்து, கிழிசல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, சாமான்களையும் கழுவி, பாடத்தை முதலிலிருந்து எடுத்தேன். கார்த்திகை மழைக்கு முன்னால் செருப்பு, துண்டு, ரிமோட், கண்ணாடிக் கூடு எல்லாம் அவளுக்குப் பாடமாகிவிட்டன. அவளையும் அவர் "ஏளா" என்றுதான் கூப்பிட்டார். யாரைக் கூப்பிடுகிறார் என்று எங்கள் இருவருக்குமே தெரியாது. இருவரும் போய் நிற்போம். அவளுக்கு மட்டும் கருவாடு கிடைக்கும்.

நான் நிம்மதியாக வேலைக்குப் போனேன். அந்த நிம்மதியைக் கெடுத்தவள், அவருக்குப் பயிற்சி கொடுக்க வருகிற பிசியோதெரபிப் பெண். அவர் காலை மடக்கிப் பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது.

"அங்கிள் நடக்கவே இல்லையா? இப்படியே விட்டா முட்டு இறுகிப்போயிரும். அப்புறம் கடைசிவரைக்கும் நாற்காலிதான்."

நான் நாயைப் பார்த்தேன். நாய் என்னைப் பார்த்தாள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான். எழுந்திருக்கத் தேவையே இல்லாதபடி தண்டலுக்கு ஓர் ஆளைத் தயார்செய்து கொடுத்தவள் நான்தானே.

அன்று சாயங்காலம் அவரைப் பிடிபிடியென்று பிடித்தேன். சோம்பேறி என்றேன். அவர், "கால ஊன்னா விழுந்துருவேனோன்னு இருக்குளா" என்றார். புயல் கூண்டு ஏற்றியபிறகும் தோணியைக் கரைசேர்த்த மனுஷர், எங்கள் வீட்டு டைல்ஸ் தரையைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தார். ஆனால் இரக்கத்தைக் காட்டினால் அந்த நாற்காலியிலேயே வேர்விட்டுவிடுவார்.

மறுநாளிலிருந்து சட்டத்தை மாற்றினேன். சாமானை அவரிடம் கொடுத்தால் கருவாடு கிடையாது, என்னிடம் கொண்டுவந்தால்தான் உண்டு. நான் முதலில் ஹால் நடுவில் நின்றேன். பிறகு அடுப்படி வாசலில், பிறகு முற்றத்தில்.

"ஏளா, உன் நாய் என் ரிமோட்டத் தூக்கிட்டு ஓடுது."

"வந்து வாங்கிக்கிடுங்க."

திட்டிக்கொண்டே வருவார். வாக்கரைப் பிடித்து வந்தவர், பிறகு சுவரைப் பிடித்து வந்தார். சுவரை மட்டும் விடுவதாக இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் பூசை முடிந்து ஆட்கள் திரும்புகிற நேரம். கருவாட்டைக் கைக்குள் வைத்துக்கொண்டு தெருமுனையில் போய் நின்றேன். அவர் செருப்பைக் கவ்விக்கொண்டு நாய் என்னிடம் ஓடிவந்தாள். அவர் வெறுங்காலோடு, வீட்டுச் சுவர்களைத் தடவிக்கொண்டே வந்தார். கடைசி வீட்டோடு சுவர் முடிந்தது. அதற்கப்புறம் என்னிடம் வரும்வரை பிடிக்க ஒன்றுமில்லை, வெறும் ரோடுதான். அவர் நின்றுவிட்டார்.

போய்ப் பிடித்துக்கொள்ள என் உடம்பெல்லாம் துடித்தது. நான் நகரவில்லை. பூசைக்குப் போய்வந்தவர்கள் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். அவர் சுவரிலிருந்து கையை எடுத்தார். ஓர் அடி வைத்தார். நின்றார். இன்னோர் அடி வைத்தார். என்னிடம் வந்து சேர்ந்ததும் என் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டார். சட்டை முழுக்க வியர்வை.

"விழுந்துருவேன்னு நெனச்சேன்" என்றார்.

"நானும் அப்படித்தான் நெனச்சேன்."

"நீயா? கல்லு கணக்கா நின்ன."

நாய்க்குக் கூலி கொடுக்கக் கையை விரித்தேன். நெத்திலி முழுக்க நொறுங்கி, உள்ளங்கையில் வெறும் தூளாகக் கிடந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.