புஷ்பம் அத்தைக்குக் கிடைக்காத வீடு

போன மாதம் பாம்பனில் ஓர் இ-சேவை மையத்துக்குப் போயிருந்தேன். ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் வருடத்துக்கு ஒருமுறை தாங்கள் இன்னும் சாகவில்லை என்று அரசாங்கத்துக்குச் சொல்லியாக வேண்டும், அதற்காகத்தான். கட்டைவிரலை இயந்திரத்தில் வைத்தேன். ஏற்கவில்லை. முந்தானையில் துடைத்துவிட்டு வைத்தேன், அப்போதும் ஏற்கவில்லை. முப்பத்தெட்டு வருடம் சாக்பீஸ் பிடித்த விரல், ரேகையெல்லாம் எப்போதோ போய்விட்டது. "டீச்சர், மிஷின் ஒத்துக்க மாட்டேங்குது. நாளைக்கு வாரீகளா?" என்றாள் அங்கே இருந்த பெண். அவளுக்கு எதிரே முழு உருவமாக உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறேன், நான் உயிரோடு இருப்பதற்கு அத்தாட்சி இல்லையாம். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன். பாவம், அந்தப் பிள்ளை என்ன செய்யும்? அவள் மேல் எனக்குக் கோபமே இல்லை. அவள் மேசையோரம் ஒரு பழைய மைப்பெட்டி திறந்து கிடந்தது, அந்த வாடைதான் என்னைக் கிளப்பிவிட்டது.

கைநாட்டு வைக்கிற மைக்கு ஒரு தனி வாடை உண்டு, கவனித்திருக்கிறீர்களா? ஊறின அட்டையும் மண்ணெண்ணெயும் கலந்த மாதிரி இருக்கும். எனக்கு வேலை கிடைத்த முதல் வருடம் முழுக்க அந்த வாடையில்தான் கழிந்தது. அக்காள்மடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, கடலை ஒட்டினாற்போல் எங்கள் குடியிருப்பு. மொத்தமும் கத்தோலிக்க மீன்பிடிக் குடும்பங்கள். அங்கே எஸ்.எஸ்.எல்.சி. முடித்த முதல் பெண் நான்தான் என்பதால், கோயில் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலையும், ஊருக்கெல்லாம் மனு எழுதிக் கொடுக்கிற வேலையும் சேர்ந்து வந்தன. முதல் வேலைக்குச் சம்பளம் உண்டு. இரண்டாவது வேலைக்குக் கருவாடு கொடுப்பார்கள். பெரிய கலெக்டரம்மா என்று எனக்கு ஒரு நினைப்பு. "மேற்படி மனுதாரர் பணிவுடன் சமர்ப்பிப்பது" என்று ஆரம்பித்தால் எந்தச் சர்க்காரும் எழுந்து நின்றுவிடும் என்று நம்பியிருந்தேன். இருபது வயதில் எல்லாருக்கும் கொஞ்சம் கோட்டித்தனம் இருக்கத்தான் செய்யும்.

அந்த வருடம்தான் புயல் வந்தது. அறுபத்து நாலு டிசம்பர், கிறிஸ்மஸுக்கு இரண்டு நாள் முந்தி. அதைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை, நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் வீட்டில் என்ன போனது என்று மட்டும் சொல்கிறேன். என் அத்தை, அய்யாவின் தங்கை, பெயர் மரியபுஷ்பம். அவள் புருஷன் அந்தோணி மாமா, கரைவலை இழுக்கத் தனுஷ்கோடிக்குப் போய் அங்கேயே குடிசை போட்டிருந்தார். பண்டிகைக்கு வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போன மனிதர் வரவில்லை. உடம்பும் வரவில்லை. மாமாவுக்கு அண்ணன் தம்பி என்று யாரும் கிடையாது. அத்தையின் குடிசையும் அதே காற்றில் போய்விட்டது. கையில் ஐந்து வயதுப் பெண் பிள்ளையோடு எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் ஓலைத்தட்டி மறைப்புக்குள் வந்து ஒண்டினாள்.

நிவாரணம் வராமல் இல்லை, வந்தது. பால்பவுடர் வந்தது. அதைக் கரைக்கத் தெரியாமல் பிள்ளைகள் அப்படியே வாயில் போட்டுக்கொண்டு, மேலண்ணத்தில் ஒட்டிப் பேச முடியாமல் திரிந்தன. கோதுமை மாவு வந்தது. அதில் கஞ்சி காய்ச்சினால் பசை வாடை அடித்தது. மாவு தீர்ந்ததும் சாக்கை வெளுத்து எல்லாருக்கும் டிராயர் தைத்தோம். எங்கள் சித்தப்பா மட்டும் அதைப் போடமாட்டேன் என்றார், ஏனென்றால் அந்த மாவை வரிசையில் நின்று வாங்கி வந்தது எங்கள் அய்யா.

இங்கே இந்த அண்ணன் தம்பியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அய்யா கதர்க் கட்சி. சுதந்திரம் வந்த அன்று பள்ளிக்கூட வாசலில் கொடி ஏற்றிய ஆள், அன்றிலிருந்து அவருக்குச் சர்க்கார் என்றால் அது அவர் சொந்தச் சர்க்கார். சித்தப்பா சவரிமுத்து அவருக்கு ஆறு வயது இளையவர். டீக்கடைப் பத்திரிகையில் எழுத்துக் கூட்டிப் படித்தே எதிர்க்கட்சிக்குப் போனவர், கரைவேட்டி கட்டாமல் பூசைக்குக்கூட வரமாட்டார். இரண்டு பேருக்கும் வீடு ஒன்று, வள்ளம் ஒன்று, பேச்சு மட்டும் கிடையாது. கடலுக்குள் போய் இரண்டு பேர் பேசாமல் எப்படிப் பாய் கட்டுவது? அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். வள்ளத்தைப் பார்த்துப் பேசுவார்கள். "ஏலே வள்ளம், பாயை இறக்கச் சொல்லு" என்பார் அய்யா. "வள்ளம், காத்து இன்னும் திரும்பலைன்னு சொல்லிரு" என்பார் சித்தப்பா. நாங்கள் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கக் கேட்ட கதை இது. இப்போது நினைத்தால் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வருகிறது.

பொங்கல் கழிந்து ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வந்தார். சம்பாதிக்கிற ஆளைப் புயலில் பறிகொடுத்த பெண்களுக்கு ரோட்டோரம் ஓட்டு வீடு கட்டித் தரப்போகிறார்கள், அதற்குப் பட்டியல். கோயில் முன்னால் மேசை போட்டு உட்கார்ந்தார், பக்கத்தில் மைப்பெட்டி. நான் அழகாக மனு எழுதி அத்தையைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினேன். அவர் மனுவைப் பார்க்கவில்லை, அத்தையின் கழுத்தைப் பார்த்தார்.

"தாலி கிடக்கே. புருசன் செத்துட்டாருன்னு எழுதியிருக்கு?"

எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. கடலில் போய் உடம்பு கிடைக்காதவர்களுக்கு உடனே சாவுப் பூசை வைக்கமாட்டோம். நவம்பரில் கல்லறைத் திருநாள் வரும். அன்று வெறும் குழி வெட்டி, போனவரின் சட்டையை வைத்து, சாமியார் மந்திரித்த பிறகு, பெண்சாதி தாலியைக் கழற்றி அந்தக் குழியில் போடுவாள். அதுவரைக்கும் தாலி கழுத்தில்தான் இருக்கும். அதற்கு முந்திக் கழற்றினால் அவர் கரையேறுகிற வழியை அடைத்தது மாதிரி. இன்ஸ்பெக்டர் நயினார்கோவில் பக்கத்து மனிதர், கடலையே அந்த வேலைக்கு வந்துதான் பார்த்திருக்கிறார். அவர் ஊரில் பதினாறாம் நாள் எல்லாம் முடிந்துவிடும். நான் விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது உங்க வழக்கம்மா. மார்ச்சோட பட்டியல் முடியுது. கழட்டிட்டு வரச் சொல்லுங்க. உடம்பு இல்லாததால இவங்க கூடப்பொறந்த ஆம்பளைக ரெண்டு பேரும் என் முன்னாடி கையெழுத்துப் போடணும்" என்றார். திட்டவில்லை, குரலை உயர்த்தவில்லை. தாலியை ஏதோ செருப்பைக் கழற்று என்கிற மாதிரி சொன்னார்.

வீட்டில் அன்றைக்கு நடந்த கூத்தை என்னத்தைச் சொல்ல. "சட்டம்னா சட்டம். நம்ம சர்க்கார் வீடு தருது, கழட்டிட்டு வாங்கிக்கிட்டுப் போறதுக்கு என்ன?" என்றார் அய்யா, சுவரைப் பார்த்து. "தாலியக் கழட்டச் சொல்ற சர்க்காரு நாசமாப் போக. கழட்டாத புஷ்பம், இதைக் கூட்டத்துல பேசுவோம்" என்றார் சித்தப்பா, தூணைப் பார்த்து. சுவருக்கும் தூணுக்கும் நடுவில் அத்தை பிள்ளைக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள். கழுத்து அவளுடையது, போன மனிதர் அவள் புருஷன். உனக்கு என்ன வேண்டும் என்று ஒரு ஆள் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஈஸ்டருக்கு முந்தின தவசு காலம் தொடங்கி இரண்டாம் வாரம், காலையில் அத்தை என்னிடம் வந்து, "டீச்சரம்மா, ஆபீஸுக்குத் துணைக்கு வாரியா?" என்றாள். கழுத்து வெறுமையாக இருந்தது. தானே கழற்றி ஒரு தகர டப்பாவில் போட்டு வைத்திருந்தாள். பூசை இல்லை, மந்திரிப்பு இல்லை. தண்ணீர்க் குடத்தோடு எதிரே வந்த பெண்கள் அவளைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிப் போனார்கள். அன்றிலிருந்து மீன் பிரிக்கிற இடத்தில் அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. அதையெல்லாம் தெரிந்தேதான் செய்திருந்தாள். மழைக்கு முன்னால் பிள்ளைக்கு ஒரு கூரை வேண்டும், அவ்வளவுதான் அவள் கணக்கு.

அய்யா கையெழுத்துப் போட்டுவிட்டார். சித்தப்பா வரமாட்டேன் என்றார். ஏன் தெரியுமா? மனுவின் தலைப்பில் அய்யா தன் கட்சிக்காரர் ஒருவரிடம் சிபாரிசு வாங்கிச் சேர்த்திருந்தார். யாரும் கேட்கவில்லை, தன் செல்வாக்கைக் காட்ட அவராகச் செய்தது. சித்தப்பாவோ முந்தின மாதம்தான் ராமநாதபுரத்தில் மொழிப் போராட்டத்தில் போலீஸிடம் அடிவாங்கித் தலையில் கட்டோடு வந்திருந்தார். "மண்டைய உடைச்சவங்கிட்டயே கைகட்டி நிக்கணுமா? இவுக கட்சிக்காரன் கையெழுத்துக்குக் கீழ என் கையெழுத்தா? என் பிணம்கூட வராது" என்றார். அவர் வலி எனக்குப் புரியாமல் இல்லை. அந்தக் கட்டை அவிழ்த்து மருந்து போட்டது அத்தைதான். மருந்து போடும்போதெல்லாம் கேட்டாள். அவர் தலையை மட்டும் காட்டினார், கை நீட்டவில்லை. நான் வேறு தாளில் சிபாரிசு இல்லாமல் எழுதித் தருகிறேன் என்றேன். அதற்கு அய்யா சம்மதிக்கவில்லை. மார்ச் முடிந்தது. அத்தைக்கென்று நினைத்திருந்த வீட்டுக்கு வேறு பெயர் எழுதினார்கள்.

கல்லறைத் திருநாளில் டப்பாவோடு போய் மாமா சட்டையோடு அந்தத் தாலியையும் குழியில் போட்டுவிட்டு வந்தாள்.

அறுபத்தேழில் ஆட்சி மாறியது. சித்தப்பா தரையில் நடக்கவில்லை. மூன்றாம் நாள் வெள்ளைத் தாளோடு என்னிடம் ஓடி வந்து, "எழுது தாயி. இப்ப நம்ம ஆட்சி. புஷ்பத்துக்கு ரெண்டு வீடே வாங்கிருவேன்" என்றார். வரிசையில் இன்னும் சில வீடுகள் பூட்டிக் கிடந்தது உண்மைதான். ஆபீஸுக்குப் போனோம். அதே இன்ஸ்பெக்டர், அதே மைப்பெட்டி, சுவரில் படம் மட்டும் வேறு. "ரெண்டு பேரும் போடணும்" என்றார். இந்த முறை சித்தப்பா முதல் ஆளாகப் போட்டார். அய்யா வரமாட்டேன் என்றார். வெற்றி ஊர்வலத்தில் எங்கள் வாசலில் இருந்த அவருடைய கொடிக்கம்பத்தை வெட்டிச் சாய்த்திருந்தார்கள், சித்தப்பா அந்தக் கூட்டத்தில் நின்று விசில் அடித்திருந்தார். "கொடியச் சாய்ச்சவன் சர்க்காருக்கு நான் மனுப் போடவா? கை அழுகிப் போகட்டும்."

அன்றைக்குத்தான் அத்தை வாயைத் திறந்தாள். சத்தம் போடவில்லை. இரண்டு பேருக்கும் சோறு போட்டுவிட்டு, கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள்.

"என்னையக் கட்டிக் குடுக்கையில கோயில் புஸ்தகத்துல சாட்சிக்கு நீங்க ரெண்டு பேருந்தான் போட்டீக. ஒரு பேனாவ மாத்தி மாத்திப் போட்டீக. அந்தாளு செத்ததுக்குச் சாட்சி சொல்ல மட்டும் கை வரலையோ?"

இரண்டு பேரும் தலை குனிந்து சாப்பிட்டார்கள். சாப்பிட்டு முடித்துக் கை கழுவினார்கள். அடுத்த நாள் விடியற்காலை வள்ளத்தில் ஏறி, "ஏலே வள்ளம்" என்று ஆரம்பித்தார்கள். பூட்டிக் கிடந்த வீடுகளுக்கும் அந்த வருடமே ஆள் வந்துவிட்டது. எனக்குச் சாயல்குடிப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றல் வந்தது, தப்பித்தோம் என்று போனேன். அதுவும் வெட்கக்கேடுதான்.

ரொம்ப வருடம் கழித்து அந்த இரண்டு கட்சியும் கூட்டணி வைத்துக்கொண்டன. மேலே கை குலுக்கினார்கள், கீழே அய்யாவும் சித்தப்பாவும் கை குலுக்கிவிட்டார்கள். நான் லீவுக்கு வந்திருந்தேன். ஒரே ஜீப்பில் இரண்டு கொடி கட்டி, தோளில் கை போட்டுக்கொண்டு எங்கள் தெருவில் ஓட்டுக் கேட்டு வந்தார்கள். அண்ணன் தம்பி சேர்ந்துவிட்டார்கள் என்று தெருவே பூரித்துப் போயிற்று, சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். தாழ்வாரத்து ஓலைத்தட்டியை விலக்கிக்கொண்டு அத்தை வெளியே வந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. மகளை அங்கிருந்தே தூத்துக்குடிக்குக் கட்டிக் கொடுத்துவிட்டிருந்தாள்.

"தங்கச்சி, மறக்காம நம்ம சின்னத்துல போட்ரு" என்றார் அய்யா, மைக்கிலேயே.

"வீடு வீடாத்தானே ஓட்டுக் கேக்குறீக? எனக்குத்தான் வீடு இல்லையேண்ணே. எங்கன வந்து நின்னு கேக்குறீக?" என்றாள் அத்தை.

மைக்கில் அது ஊருக்கே கேட்டது. சித்தப்பா டிரைவரின் தோளைத் தட்டினார், ஜீப் நகர்ந்துவிட்டது.

அந்த ஓட்டு வீடுகள் இப்போது இல்லை. யாத்திரைக்காரர்களுக்கு லாட்ஜ் கட்டி, வண்டிகள் நிறுத்தச் சிமெண்ட் போட்டுவிட்டார்கள். எங்கள் வீடும் இல்லை, வள்ளமும் இல்லை. அத்தை அந்தத் தட்டி மறைப்புக்குள்ளேயே செத்துப் போனாள். அவளைத் தூக்கும்போது முன்பக்கம் ஒருவர், பின்பக்கம் ஒருவர் என்று அண்ணன்மார் இரண்டு பேரும் தோள் கொடுத்தார்கள். அதற்கு யாரும் மனுக் கேட்கவில்லை. பிறகு அவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். அய்யா செத்த அன்று விழுந்து புரண்டு அழுதேன், பெற்ற தகப்பன் இல்லையா. ஆனால் அவரை நான் மன்னிக்கவில்லை, சித்தப்பாவையும் மன்னிக்கவில்லை, இனியும் மாட்டேன்.