பெருமாயி கட்டிய வேப்பங்கொத்து

என் டீக்கடைக்கு எதிர்வீட்டில் பெருமாயி என்று ஒருத்தி இருக்கிறாள். ஐம்பத்தாறு வயது. எங்கள் மலைப் பகுதியான பெரக்கரை நாட்டில் அவள் வாயில் விழாத ஆள் கிடையாது. மினி பஸ் கண்டக்டர் முதல் பூசாரி வரை வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்தான். நானும் இருபது வருடமாக வாங்குகிறேன், அதுவும் டீயைக் கையில் கொடுத்துவிட்டு. அவளைப் பற்றி எழுதிவைக்கிற தலையெழுத்தும் எனக்கே வாய்த்திருக்கிறது.

ஊரையே கிழிக்கிற அந்த வாய் ஒரே ஒருவரிடம் மட்டும் நேராகத் திறக்காது. அவள் மாமனார் கருப்பண்ணன். மருமகள் மாமனாரோடு முகம் பார்த்துப் பேசக்கூடாது என்பது அந்த வீட்டுப் பழக்கம். முப்பத்து மூன்று வருடத்தில் அவள் அதை மீறியதில்லை. அதற்காகத் திட்டாமல் விட்டாள் என்று நினைத்துவிட வேண்டாம். தொழுவத்தில் நிற்கும் மாட்டைப் பார்த்துத் திட்டுவாள். இந்தப் பனியில் காதில் துணி கட்டாமல் வெளியே போனால் சீக்கு வராமல் வேறென்ன வரும் என்று மாட்டைக் கேட்பாள். கிழவர் உள்ளே போய்த் துண்டைக் கட்டிக்கொண்டு வருவார். பதில் சொல்வதென்றால் அவரும் மாட்டிடமே சொல்வார். அந்த மாட்டுக்குக் கொஞ்சம் ரோஷம் இருந்திருந்தால் எப்போதோ கயிற்றை அறுத்துக்கொண்டு மலையடிவாரப் புளியஞ்சோலைக்கு இறங்கிப் போயிருக்கும்.

போன மார்கழியில் கருப்பண்ணனுக்கு ஃப்ளூ காய்ச்சல் வந்தது. வெறும் சளி என்று மிளகுக் கஷாயம் குடித்துக்கொண்டிருந்தவர், நாலாம் நாள் மூச்சுவிட முடியாமல் உட்கார்ந்துவிட்டார். நாமக்கல் ஆஸ்பத்திரியில் பதினோரு நாள், மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு கிடந்தார். எண்பத்திரண்டு வயது நுரையீரல், இன்னொரு தடவை வந்தால் தாங்காது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அதைக் கேட்ட பெருமாயி ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவள் புருஷன் செல்வம்தான் வந்து இதைச் சொன்னான். அவள் வாயடைத்து நின்றாள் என்றால் விஷயம் பெரிது.

இந்த வருடம் கார்த்திகை முடியும்போது நர்ஸ் சங்கீதா வந்து, கிழவருக்கு ஃப்ளூ ஊசி போட்டுவிடச் சொன்னாள். ஊசி வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும், அதுவரை இருமுகிறவர்களை அண்டவிடாதீர்கள், அதற்கப்புறமும் கவனமாகத்தான் இருக்க வேண்டும் என்றாள். பெருமாயி மாட்டிடம் பேசினாள். மாடு சம்மதித்தது. மலைப்பாதையின் எழுபது வளைவும் இறங்கி, வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்து, அடிவாரக் காளப்பநாயக்கன்பட்டியில் ஊசி போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார் கிழவர்.

மறுநாளே பெருமாயிக்குப் புதுத் தலைவலி ஆரம்பித்தது. ஊரில் பாதிப் பேருக்கு இருமல். அத்தனை பேரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கிழவரை நலம் விசாரிக்க வந்தார்கள். வாசலோடு நில்லுங்கள் என்றாள். சளிக்கெல்லாமா தீட்டு என்று சிரித்தார்கள். மாஸ்க் போடச் சொன்னாள். கொரோனா போய் எத்தனை வருஷமாச்சு என்றார்கள். நான் டீ கொண்டுபோன இடத்தில் தெரியாமல் இரண்டு இருமல் இருமிவிட்டேன். டீயை என் காலடியிலேயே ஊற்றினாள். நல்ல சூடு.

மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் வாசல் நிலையில் வேப்பங்கொத்து தொங்குகிறது. மலையில் வேம்பு தேடித்தான் பிடிக்க வேண்டும். செல்வத்தை பஸ் ஏற்றிவிட்டு அடிவாரத்திலிருந்து ஒடித்துவரச் செய்திருக்கிறாள். வேப்பிலை கட்டினால் அந்த வீட்டில் அம்மை போட்டிருக்கிறது என்று அர்த்தம். அதன்பிறகு ஒரு பயல் படியேறவில்லை. டாக்டர் சொல்லிக் கேட்காத ஊர், நர்ஸ் சொல்லிக் கேட்காத ஊர், ஆத்தா வந்திருக்கிறாள் என்றதும் பத்தடி தள்ளி நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டு போனது. யாருக்கு அம்மை என்று கேட்டவர்களுக்குப் பெருமாயி பதிலே சொல்லவில்லை. மிச்சத்தை ஊரே சொல்லிக்கொண்டது.

இதில் மாட்டிக்கொண்டவர் கிழவர்தான். அம்மை வீட்டில் தாளிக்கக்கூடாது, கறி ஆக்கக்கூடாது. பக்கத்து வீட்டுப் பாப்பாத்திக்கு மோப்பம் அதிகம். கடுகு வெடித்தால் குட்டு உடைந்துவிடும். ஆகவே கல்லுக்குண்டு மாதிரி இருந்த மனுஷனுக்கு மூன்று வேளையும் ராகிக்கூழும் மோரும். நிஜமாகவே ஆத்தா வந்திருந்தால்கூட இவ்வளவு கஷ்டமில்லை என்று அவர் மாட்டிடம் புலம்பியதை நானே கேட்டேன்.

ஊசி போட்ட பத்தாம் நாள் பெருமாயிக்குக் காய்ச்சல் வந்தது. ஊரையெல்லாம் விரட்டியவளுக்கு அது எங்கே ஒட்டியது என்று தெரியவில்லை. தொண்டை கமறிய உடனே பாயைச் சுருட்டிக்கொண்டு, வீட்டுக்குப் பின்னால் பலாமரத்தடியில் மிளகு போட்டுவைக்கும் கொட்டகைக்குப் போய்ப் படலைச் சாத்திக்கொண்டாள். சங்கீதா வந்து மாத்திரை கொடுத்தாள். இரண்டு நாள் பெருமாயி அங்கிருந்தே கத்திக்கொண்டிருந்தாள். செல்வம் வைத்த சோறு குழைந்தது, கிழவரின் வெந்நீர் ஆறிப்போனது, எல்லாவற்றுக்கும் அங்கிருந்தே அர்ச்சனை.

பன்னிரண்டாம் நாள் காலையில் சத்தமே இல்லை. ஏழு மணி ஆனது, எட்டு ஆனது. செல்வம் சங்கீதாவைக் கூட்டிவர ஓடினான். ஒளிக்காமல் சொல்கிறேன், நான் அந்தப் பக்கமே காதை வைத்துக்கொண்டிருந்து பாலைப் பொங்கவிட்டுவிட்டேன்.

அப்போது கருப்பண்ணன் வெளியே வந்தார். மாஸ்க் தாடையில் தொங்கியது. தடியை ஊன்றி, தொழுவத்தைத் தாண்டி, நேராகக் கொட்டகையை நோக்கி நடந்தார். நான் பின்னால் ஓடிப்போய்க் கூப்பிட்டும் காதில் வாங்கவில்லை. பலாமரத்துக்கு இருபதடி முன்னால் நின்றார்.

"உசுரோட இருக்கியா கண்ணு?"

அவளிடமே கேட்டார். இன்னும் இரண்டு எட்டு வைத்தார். படல் அசைந்தது. பெருமாயி ஒரு கையால் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு, இன்னொரு கையில் விளக்குமாறோடு நின்றாள். தொண்டை கட்டிப்போய் குரலே இல்லை. வெறும் காற்றுதான் வந்தது.

"அங்கயே நில்லுங்க மாமா. ஊசிக்கு இன்னும் ரெண்டு நாள் கெடக்குதுங்க. கிட்ட வந்தீங்கன்னா காலை ஒடிச்சுப் போடுவேனுங்க."

கிழவர் மாஸ்க்கை மூக்குக்கு ஏற்றினார். திரும்பி வரும் வழியில் மாட்டின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். காலை ஒடிக்கிறாளாம் என்று அதனிடம் சொல்லிவிட்டுத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பதினைந்தாம் நாள் வேப்பங்கொத்து இறங்கியது, அன்றைக்கே கோழி வெந்தது. கிழவருக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. நாலு நாள் கழித்துப் பெருமாயி முழுசாகத் தேறி வீட்டுக்கு வந்தாள். கிழவர் வெறுங்காதோடு பனியில் நிற்பதைப் பார்த்தாள். வழக்கம்போல மாட்டுப் பக்கம் திரும்பி ஆரம்பித்தாள்.

கிழவர் அசையவில்லை. துண்டு தோளிலேயே கிடந்தது. அவள் இன்னொரு தடவை மாட்டைத் திட்டினாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"காதக் கட்டுங்க மாமா," என்றாள் பெருமாயி.

அவர் கட்டிக்கொண்டார்.